கிணற்றுக்குள் ஏறி வரும் கடல்

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் விளையும் மண் திருவள்ளூர் மாவட்டம். சம்பாவை வடகிழக்குப் பருவமழை காப்பாற்றிவிடும். ஏரி நிறைந்த ஆண்டில் நவரையும் பிழைத்துக்கொள்ளும். கோடையில் நடும் சொர்ணவாரிக்கோ போர்வெல்தான் கதி. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அந்தப் போர்வெல்லைப் பற்றித்தான் கவலை. தண்ணீர் வற்றிவிடுமோ என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே தண்ணீர் இருக்கும்போதே அது உப்பாகிவிடுகிறது.

இந்த மாவட்டத்தின் ஆரணியாறு பழவேற்காடு ஏரியிலும் கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்திலும் கடலைச் சேர்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட சமவெளியின் அடியில் ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல் கனமாகப் படிந்திருக்கிறது. பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் ஓடியது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். அந்த மணலுக்குள் இருக்கும் நன்னீரை 1960-களில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு அளந்து காட்டியது. மீஞ்சூர், பஞ்சட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. தண்ணீர் சென்னைக்கும் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும் போனது. 1960-களின் இறுதியில் கடலோரத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்த உப்பு, 1980-களில் பத்துக் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது.

இதன் பின்னே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு கனமானது. அதனால் கடலோர மணலுக்குள் தண்ணீர் மேல் எண்ணெய் நிற்பதுபோல் உப்புநீர் மேல் நன்னீர் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் முன்பே கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் தனித்தனியே கண்டறிந்த உண்மை இது. இதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வர இடம் கிடைக்கிறது. ஓர் ஆண்டில் நடந்துவிடாது, மண்ணின் அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறும். ஆனாலும் திசை அதுதான். மட்டம் இறங்கிவிட்டதே என்று இன்னும் ஆழமாகப் போர் போடுகிறவர் உப்பை நோக்கித்தான் போகிறார்.

உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பயிர் தண்ணீருக்குள் நின்றபடியே காய்கிறது.

இதற்கு விவசாயியை முதல் குற்றவாளியாக நிறுத்துவது அநியாயம். கொசஸ்தலையின் வெள்ளத்தை 1944 முதல் பூண்டி நீர்த்தேக்கம் நகரத்துக்காகத் தேக்குகிறது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்தும் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் தண்ணீர் திரும்புகிறது. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கீழே இருக்கும் மணலுக்கு ஊறுவதும் குறையும். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பெருநகருக்கென 1987-இல் தனிச் சட்டமே வந்தது. அதற்குள் மீஞ்சூர் உப்பைக் கண்டுவிட்டது.

இருந்தாலும் வயலிலும் ஒரு வேலை இருக்கிறது. ஓர் ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டினால் அது இரண்டு லட்சம் லிட்டர்; 12,000 லிட்டர் லாரியில் பதினேழு நடை. நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும் என்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் வளர்க்கும் முறையில் துளையிட்ட முப்பது சென்டிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பாதியளவு புதைக்கிறார்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடியும் பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் நாட்களிலும் பூக்கும் தருணத்திலும் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இந்த முறையில் விளைச்சல் குறையாமல் முப்பது விழுக்காடு வரை பாசன நீர் மிச்சமாகும்; வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். கட்டிய தண்ணீரில் ஒரு பங்கு மண்ணுக்குள்தானே திரும்புகிறது என்று கேட்கலாம். உண்மைதான், அந்தப் பங்கைச் சேமிப்பாகக் கணக்குக் காட்டக் கூடாது. ஆனால் வெயிலில் ஆவியாகிப் போவது திரும்புவதில்லை.

அந்த நிலையத்தோடு இந்த மாவட்டத்துக்குப் பழைய உறவு உண்டு. அது உருவாக்கிய புகழ்பெற்ற ஐ.ஆர்.20 நெல்லின் பெற்றோரில் ஒன்றான டி.கே.எம்.6, இந்த மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். உலகத்துக்கு விதை கொடுத்த ஊருக்குத் தண்ணீர்ச் சிக்கனம் அந்நிய வித்தையாக இருக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில்: மின்சாரம் இலவசம், ஆனால் வயல்காரர் விரும்பும் நேரத்தில் அது வருவதில்லை. கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டு வயலை நிரப்பி வைக்கவே எவருக்கும் தோன்றும். நம்பகமான நேரத்தில் மும்முனை மின்சாரம் கிடைத்தால்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் நடைமுறைக்கு வரும்.

மறுபக்கம், ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிட்டுக் கடலுக்கு ஓடுகிறது. அதைப் பிடித்து மணலுக்குள் இறக்கத் தடுப்பணையைவிட மலிவான கருவி இல்லை. ஆரணியாற்றில் பாலேஸ்வரம் போன்ற இடங்களில் தடுப்பணைகள் இருக்கின்றன. இவற்றோடு ஏரிகளின் வரத்துக்கால்களைத் தூர்வாரி, மதகையும் கலங்கலையும் செப்பனிட்டால் நவரைக்கு மோட்டார் ஓடும் நாட்கள் குறையும்.

தொழிற்சாலைகளும் தங்கள் பங்கைச் செய்தாக வேண்டும். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி, எண்ணூர், மீஞ்சூர் ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் அதன் திறன். அந்த வழி கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்கள் வரை நீள வேண்டும். நன்னீர்க் கிணறுகள் குடிக்கவும் பயிருக்கும் மட்டுமே என்று அரசு வரையறுக்க வேண்டும். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில் கிணற்று நீரின் உப்பை மாதந்தோறும் அளந்து பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடலாம். உப்பை அளக்கும் கருவி ஒரு பேனா அளவுதான். உப்பு ஏறுவது தெரிந்த அன்றே இறைப்பைக் குறைக்கும் முடிவை ஊர் எடுக்கட்டும்.