மூடப்பட்ட பெற்றோல் நிலையமும் தரைக்கீழ் நீரும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்திலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் நிலம் என்ன விலை போகின்றது என்பதை நாம் யாவரும் அறிவோம். அந்நிலத்தின் அடியில் என்ன இருக்கின்றது என்று கேட்பார் அரியர். பெற்றோல் நிலையமொன்று மூடப்பட்டு அவ்விடத்தில் அடுக்குமாடி எழுமாயின், பழைய வணிகத்தின் கதை முடிந்ததென்றே கொள்ளப்படும். ஆனால், மண்ணில் பொசிந்த எண்ணெய் உறுதி மாறுவதால் அகன்றுவிடாது.

இத்தகைய நிலத்தை ஆராய்வோர் முதலிற் கையில் எடுக்க வேண்டியது துளைகருவியை அன்று; பழைய ஏடுகளை. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய கம்பனிகளின் விநியோகம் 1964 தொடக்கத்தில் முழுமையாக அதன் கைக்கு வந்தது. ஆகவே பழைய நிலையங்களிற் சில, கம்பனிகளின் காலத்திற் புதைத்த இரும்புத் தாங்கிகளுடன் கைமாறியிருக்கலாம். தாங்கி எங்கே கிடந்தது, குழாய்கள் எவ்வழி சென்றன, எப்போது மாற்றப்பட்டன என்பவற்றை அறியாது துளையிடுதல் இருட்டில் ஊசி தேடுவதாகும். அளவுகோலிட்டு நாள்தோறும் எழுதிய இருப்புக் கணக்கும் பயன்தரும். எனினும் அக்கணக்குக்குத் தப்பும் கசிவு உண்டு. நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1500 லீற்றர் மண்ணுட் செல்லும். ஒரு நாட் கணக்கில் அது நான்கு லீற்றரளவு வேறுபாடே.

பெற்றோல் நீரினும் இலேசானது. எனவே மண்ணின் ஊடாக இறங்கித் தரைக்கீழ் நீர்மட்டத்தின்மேற் படலமாக மிதக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படுவது இப்படலமே. பென்சீன், தொலுயீன் முதலியன நீரிற் கரைந்து அதனுடன் நகர்கின்றன. புற்றுநோய் விளைக்கும் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வகுத்துள்ள வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 10 மைக்குரோகிராம். பெற்றோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்கு எனக் கொள்வோம். அப்போது ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ள பென்சீன் முழுதும் கரையின், 8 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை அவ்வெல்லைக்குக் கொணரப் போதும். அந்நீரில் மணமோ நிறமோ தென்படாது.

நீர் செல்லும் திசையை அறியக் குறைந்தது மூன்று நோக்கு கிணறுகள் வேண்டும். அவையும் ஒரே கோட்டில் அமையலாகாது. வெள்ளவத்தையில் நீர் மேற்கே கடலை நோக்கியே செல்லும் என எண்ணத் தோன்றும். வாய்க்காலின் அண்மையும், அயலிலுள்ள அடுக்குமாடிக்காக இடையறாது நீர் இறைப்பதும் அத்திசையைத் திருப்பிவிடலாம்.

குழாய்நீர் அருந்தும் கொழும்பு மாந்தர்க்கு இதனால் என்ன கேடு எனச் சிலர் வினவக்கூடும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றை நம்புவோர் நகரில் இன்றும் உளர். அன்றியும், மண்ணிலிருந்து எழும் ஆவி நிலத்தடி அறைகளுட் புக வல்லது. கிணறே இல்லாத மாடியிலும் இக்கேள்வி எழும்.

எண்ணெய் மாசுபற்றிய ஆய்வு நம் நாட்டில் எவ்வளவு சிக்கலாகலாம் என்பதற்குச் சுன்னாகம் சான்று. அது பெற்றோல் நிலையமன்று, மின்னிலையம். எனினும் மண்ணுள் இறங்கிய எண்ணெயின் கதை ஒன்றே. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் விரைந்தோடும்; மண்ணில் வடிபட அதற்கு அவகாசமில்லை. 2013, 2014ஆம் ஆண்டுகளில் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109இல் எண்ணெயும் கொழுப்பும் எல்லைக்கு மிஞ்சியிருந்தன. பின்னர் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ நச்சுப் பார உலோகங்கள் இல்லையெனக் கூறியது. மக்கள் குழம்பினர், போராடினர். உண்மையில் இவ்விரண்டும் ஒரே வினாவுக்குரிய இரு விடைகள் அல்ல. எண்ணெய் உண்டா என்பது ஒன்று. உலோகம் உண்டா என்பது மற்றொன்று. எதைத் தேடுகின்றோம் என்பதை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவியாத ஆய்வு, எத்துணை நேர்மையாக நடைபெறினும், அதனை ஆறுதலாகக் காட்ட விழைவோர்க்கு இரையாகிவிடும். எம் அறிவுலகம் அன்று இதனை உரத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2019 ஏப்பிரல் 4இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியோரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி, நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கிணற்று உரிமையாளர் 500 பேர் வரைக்குத் தலா 40,000 ரூபா என்பது கணக்கு. தீர்ப்பு பெரிது, தொகை சிறிது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். ஆனால் மறுநாள் அதனுள் ஊறுவது சுற்றியுள்ள பாறையின் நீரே.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்கு எண்ணெய்க் குழாய்கள் நகரின் ஊடாகவே செல்கின்றன. சென்னைத் தண்டையார்ப்பேட்டையிலும் நிலை அதுவே. 2013இல் அங்கு குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. அங்கே கிணற்று நீரைப் பயன்படுத்திய மக்களே முதலில் அதனை உணர்ந்தனர். கிணறு தூர்ந்த நகரில் அந்த முன்னறிவிப்பும் இல்லை. ஆகையால் பெற்றோல் நிலையம் இருந்த மனையில் மண் மாதிரியும் நீர் மாதிரியும் அத்திவாரக் குழி தோண்டுமுன் எடுக்கப்படல் வேண்டும். குழியில் ஊறும் நீரை இறைத்து வடிகாலில் விட்டபின் எடுக்கும் மாதிரியில் பழைய நிலைமை பதிந்திராது.