நாற்சக்கர இயக்க ஊர்திக்கான டயர் தேர்வு

நாற்சக்கர இயக்க ஊர்திக்கான டயர் தேர்வு என்பது, பொறியின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தவல்ல ஜீப் வகை ஊர்திகளுக்கு, அவை பெரும்பாலும் ஓடும் தரைக்கு ஏற்ற உருளிப்பட்டைகளைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். இந்தியாவில் மகிந்திரா தார், மாருதி சுசூகி ஜிம்னி, போர்ஸ் கூர்க்கா ஆகியவை இவ்வகை ஊர்திகள். சேற்றுக்கும் பாறைக்கும் என வடிவமைக்கப்பட்டிருந்தாலும், இவற்றுள் பல தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நகரத் தெருக்களிலும் நெடுஞ்சாலைகளிலுமே கழிக்கின்றன. அத்தகைய ஊர்திகளுக்கான தேர்வே இங்கு விளக்கப்படுகிறது.

நாற்சக்கர இயக்கமும் பிடிப்பும்

நாற்சக்கர இயக்கம் உள்ள ஊர்தி மழையிலும் வழுக்காது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இது பாதி உண்மையே. வழுக்கும் தரையில் புறப்படவும் ஏற்றத்தில் ஏறவும் நாற்சக்கர இயக்கம் பெரிதும் உதவும். ஆனால் ஊர்தியை நிறுத்துவதில் அதற்குப் பங்கு இல்லை. எந்தச் சிற்றுந்திலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. அதற்குமேல் நிறுத்துவது டயரின் பிடிப்பு மட்டுமே. வளைவில் திரும்புவதற்கும் இது பொருந்தும்.

மேலும் தார், ஜிம்னி போன்றவை தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் அமைப்பு உடையவை. சாதாரணச் சாலையில் இவை பின்சக்கரங்களால் மட்டுமே ஓடுகின்றன. ஆகவே மழைநாளில் நெடுஞ்சாலையில் செல்லும் ஜிம்னி, உயரமான ஒரு பின்சக்கர இயக்க வண்டியே அன்றி வேறில்லை. டயர் தேர்வில் முதலில் கருத வேண்டியது ஈரச் சாலையில் நிற்கும் திறன் என்பதற்கு இதுவே காரணம்.

வகைகள்

விற்பனையில் உள்ள டயர்கள் பொதுவாக மூவகைப்படும். நெடுஞ்சாலை வகை எச்/டி என்றும், பல்தரை வகை ஏ/டி என்றும், சேற்று வகை எம்/டி என்றும் குறிக்கப்படுகின்றன. பட்டறைகளில் 'பட்டன்' எனப்படும் மேற்பரப்புக் கட்டைகளின் அமைப்பே இவற்றிடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு.

எம்/டி டயரில் கட்டைகள் பெரியவை, இடைவெளிகள் அகன்றவை. சேறு அவ்விடைவெளிகளில் புகுந்து, சக்கரம் சுழலும்போது வெளியே வீசப்படுகிறது. அதே இடைவெளிகளால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்புக் குறைகிறது. ஈரப் படலத்தை அறுத்துத் தரையைப் பற்றும் நுண்கீற்றுகளும் இவ்வகையில் குறைவு. அகன்ற பள்ளங்கள் தேங்கிய நீரை நன்கு வெளியேற்றும் என்பது மெய்தான். ஆயினும் மெல்லிய ஈரம் படிந்த வழவழப்பான சாலையில் எம்/டி டயர் எச்/டி டயரைவிடத் தொலைவு சென்றே நிற்கும். இரைச்சலும் எரிபொருட் செலவும் கூடும். தோற்றத்திற்காக மட்டும் இதனைப் பூட்டுவோர் கொடுக்கும் விலை, கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை.

ஏ/டி என்பதற்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. அப்பெயரை இடுவது தயாரிப்பாளரின் விருப்பம். ஒரு நிறுவனத்தின் ஏ/டி ஏறத்தாழச் சாலை டயர் போலவும், வேறொன்றினுடையது சேற்று டயர் போலவும் இருக்கலாம். எனவே எழுத்தை விட்டுவிட்டுப் பட்டனைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் கட்டைகள் நெருங்கியும் நுண்கீற்றுகள் நிறைந்தும் இருந்தால் அது சாலைக்கு உகந்தது. தோட்டத்து மண்பாதை, மலைக் கிராமத்துச் சரளைச் சாலை ஆகியவற்றில் வாரம் ஒருமுறையேனும் செல்வோருக்கு இத்தகைய ஏ/டி பொருத்தமானது. கூர்ங்கற்கள் நிறைந்த பாதையில் அதன் தடித்த பக்கச்சுவர் பயன்படும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மண்ணில் இறங்குவோருக்கு எச்/டி போதும்.

பனிக்கு வேறு கணக்கு. எம்+எஸ் என்ற குறி தயாரிப்பாளரின் கூற்று மட்டுமே. மூன்று முகடுடைய மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால்தான் அந்த டயர் பனிச் சோதனையில் தேறியது என்று பொருள்.

அளவு

2023 இல் இந்தியாவில் வெளிவந்த ஜிம்னியின் டயர் அளவு 195/80 ஆர்15. இதில் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 156 மில்லிமீட்டர். 15 என்பது அங்குலத்தில் சக்கர விளிம்பின் விட்டம். இவற்றிலிருந்து டயரின் முழு விட்டம் 693 மில்லிமீட்டர் எனக் கிடைக்கும். இதற்குப் பதிலாக 235/75 ஆர்15 பூட்டினால் விட்டம் 733.5 ஆகிவிடும், ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். வேகமானி 80 கிலோமீட்டர் காட்டும்போது, முன்பு ஓடியதைவிட அதே அளவு வேகமாக ஊர்தி ஓடிக்கொண்டிருக்கும். எடை கூடிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்கிற்கும் வேலை அதிகம். பதிவில் உள்ளதற்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அளவினை அடுத்து வருவன சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் ஆகும். சுமைக் குறியீடு 100 எனில் ஒரு டயர் 800 கிலோகிராம் தாங்கும். வேக எழுத்து கியூ எனில் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் எனில் 180, எச் எனில் 210. இவை ஊர்தியின் கையேட்டில் உள்ளதைவிடக் குறையலாகாது. எல்டி எனத் தொடங்கும் இலகு சுமையுந்து டயர்கள் உறுதியானவை. ஆனால் அதே சுமையைத் தாங்க அவற்றுக்குக் கூடுதல் காற்று தேவை; ஆதலால் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டவணை அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

நான்கும் ஒன்றுபோல்

நாற்சக்கர இயக்க ஊர்தியில் இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். நான்கு சக்கரங்களும் இணைக்கப்பட்ட நிலையில், விட்டம் வேறுபட்டால் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு விரைவில் சுழல முயலும். அந்த இழுபறியை ஆற்றல் பங்கிடும் பற்சக்கரப் பெட்டி தாங்க நேரிடும். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஊர்திகளில் இத்தேய்மானம் ஓய்வின்றி நிகழும். எனவே நான்கையும் ஒரே வகையில், ஒரே காலத்தில் மாற்றி, முன்பின்னாக இடம் மாற்றி ஓட்டி, ஒரே அளவாகத் தேயவிட வேண்டும்.

சட்டம் கோரும் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர். மழைக்கு இது மிகக் குறைவு. 3 மில்லிமீட்டர் அளவில் மாற்றிவிடுவது நலம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் டயரின் பிறப்புச் சான்று போன்றவை: 2324 எனில் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். கடைக்காரர் பூட்டுவதற்கு முன் இதனைப் படித்துவிடுவது நல்லது. பின்கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தின் டயர் வெயிலில் காய்ந்து, ஓடாமலே முதுமை அடையும். அதன் இலக்கங்களையும் காற்றையும் இடையிடையே பார்த்து வருதல் வேண்டும்.