நாணயத்தின் நாணயத்துக்கு யார் சான்று?

புது தில்லி: தீபாவளிக்கு இரு நாள் முன்பு வரும் தன்தேரஸ் அன்று வெள்ளியோ பொன்னோ வாங்குவது வட இந்திய மக்களின் வழக்கம். லட்சுமி, விநாயகர் உருவம் பொறித்த புதிய வெள்ளிக் காசுகளை வாங்குவோர் ஒருபுறம். விக்டோரியா மகாராணி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆகியோரின் தலை பொறித்த பழைய ரூபாயைக் கேட்டு வாங்குவோர் மறுபுறம். பழைய ரூபாய் என்றால் கலப்படம் இருக்காது என்பது மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நம்பியே போலி நாணயத் தொழிலும் நடக்கிறது.

2025-ல் வெள்ளி விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு பரண்களிலும் பூஜை அறைகளிலும் கிடந்த பழைய ரூபாய்களின் மீது பலரது பார்வை திரும்பியுள்ளது. இதை உருக்கக் கொடுப்பதா, சேகரிப்பாளருக்கு விற்பதா? விற்பதென்றால் இது அசல் என்று யார் சொல்வது? என்ன தரம் என்று யார் நிர்ணயிப்பது? எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விகள் நாடாளுமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன் இயற்றிய ஒரு சட்டத்தில் போய் முட்டி நிற்கின்றன.

எடை ஒன்று, விலை பல

1835-ல் கிழக்கிந்திய கம்பெனி தனது ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே சீரான ரூபாயைக் கொண்டு வந்தது. அதன் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. இந்த அளவு ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரை மாறவில்லை. எனவே 1840-ம் ஆண்டு ரூபாயானாலும் 1918-ம் ஆண்டு ரூபாயானாலும், தேயாதிருந்தால் உருக்கும்போது கிடைப்பது ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-ல், வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது.

சேகரிப்பாளரின் கணக்கு வேறு. ஆண்டு, அச்சிட்ட சாலை, எத்தனை காசுகள் வெளிவந்தன, எந்த நிலையில் இருக்கிறது என்பனவற்றை அவர் பார்க்கிறார். 1911-ல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மேலங்கியில் இருந்த யானைச் சின்னம் பன்றியைப் போலத் தோன்றியதாக எதிர்ப்பு எழுந்தது. புழக்கத்துக்குச் சென்றவை ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே. எஞ்சியவை உருக்கப்பட்டு, 1912-ல் திருத்திய வடிவம் வந்தது. இன்று 'பன்றி ரூபாய்' என்று அழைக்கப்படும் அந்தக் காசுக்குத் தனி விலை. மாறாக, 1918-ல் மட்டும் கல்கத்தா, பம்பாய் சாலைகளில் 40 கோடிக்கு மேற்பட்ட ரூபாய்கள் அச்சாயின. அவற்றில் சாதாரணத் தேய்மானம் உள்ளவற்றுக்கு வெள்ளி விலையைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைத்தால் அதிகம்.

எழுபது புள்ளி அளவுகோல்

நாணயத்தைச் சோதிப்பது நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு சேர்ந்து வரும் 'வண்ணக்கன்' என்ற சொல் நாணயப் பரிசோதகரைக் குறிப்பது. ஆங்கிலேயர் காலத்துச் சராப்புகள் வெள்ளி ரூபாயில் சிறு உளிக்குறி இட்டு உள்ளே ஈயமோ செம்போ இல்லை என்று உறுதி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று நம்பகத்தன்மைக்கு அடையாளமாயிருந்த அந்தக் குறியே இன்று தரத்தைக் குறைக்கும் காயமாகக் கருதப்படுகிறது.

இன்று உலகச் சந்தை ஏற்கும் அளவுகோல் அமெரிக்காவில் பிறந்தது. 1949-ல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான புள்ளி முறை அது. 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி ஆகிய தனியார் நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, இம்முறையைத் தொழிலாக்கின. உரிமையாளர் படிவத்தை நிரப்பி, நாணயத்தின் மதிப்பைக் குறிப்பிட்டு, கட்டணத்துடன் அனுப்புகிறார். வாங்குவோர், விற்போர் என இருதரப்பையும் சாராத வல்லுநர்கள் அது அசல்தானா என்று பார்த்துப் புள்ளி வழங்குகிறார்கள். பின்னர் பிளாஸ்டிக் உறைக்குள் நாணயம் முத்திரையிடப்படுகிறது. உறையில் உள்ள எண்ணை இணையத்தில் சரிபார்த்துக் கொள்ளலாம். 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத காசு. அந்த உயரத்தில் ஓரிரு புள்ளி வேறுபாடுகூட ஏலத்தில் விலையைப் பல மடங்கு மாற்றிவிடும்.

நம் வீட்டுப் பழக்கங்கள் பலவும் இந்தப் பரிசோதனையில் எதிராகவே நிற்கின்றன. புளியோ திருநீறோ வைத்துத் துலக்கிப் பளபளக்கச் செய்த காசுக்குப் புள்ளி கிடைப்பதில்லை. 'அசல், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்பே கிடைக்கும். காசுமாலைக்காகக் காது பற்ற வைத்து, பிறகு அகற்றப்பட்ட ரூபாய்க்கும் அதே கதிதான். காலத்தால் ஏறிய கருமை கழிவன்று. அதுவே அசலுக்கான சாட்சிகளுள் ஒன்று. எனவே, விற்கும் எண்ணம் இருப்போர் முதலில் செய்ய வேண்டியது, நாணயத்தைத் துலக்காமல் இருப்பது. அடுத்து, தரச்சான்றுக் கட்டணம், அஞ்சல், காப்பீடு ஆகியவற்றைக் கூட்டிப் பார்ப்பது. சாதாரண விக்டோரியா ரூபாயாக இருந்தால் செலவு விலையை விழுங்கிவிடும்.

குறுக்கே நிற்கும் சட்டம்

இவ்வளவும் அமெரிக்கரோ ஆங்கிலேயரோ சேகரிப்பாளராக இருந்தால் பொருந்தும். இந்தியக் குடிமகனுக்கு நிலைமை வேறு.

1972-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 'தொல்பொருள்' என்பதன் இலக்கணத்தில் நாணயத்தையும் சேர்த்துள்ளது. குறைந்தது 100 ஆண்டு பழமை இருந்தால் போதும். அரிதா, மலிவா என்ற பாகுபாடு இல்லை. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும், அது அதிகாரமளித்த அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படும். 'ஏற்றுமதி' என்பதற்குச் சட்டம் தரும் பொருள், இந்தியாவிலிருந்து வெளியே கொண்டு செல்வது என்பதே. தரம் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டு வருவேன் என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை.

நூறு ஆண்டு என்ற கோடு நிலையானதன்று, ஆண்டுதோறும் நகர்வது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களைப் புழக்கத்துக்காக அச்சிடுவது 1922-உடன் ஏறத்தாழ நின்றுவிட்டது. அதாவது, விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ஆகிய மூவரின் வெள்ளி ரூபாய்களும் இன்று சட்டத்தின் பார்வையில் தொல்பொருள்கள். 40 கோடிக்கு மேல் அச்சான 1918-ம் ஆண்டு ரூபாயும் சோழர் காலச் செப்புத் திருமேனியும் ஒரே விதியின் கீழ் வருகின்றன. இப்போதைக்கு விலக்குப் பெறுபவை 1938-க்குப் பிந்தைய ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் மட்டுமே.

இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதைப் போக்க 1918-ல் அமெரிக்கா 'பிட்மன் சட்டம்' இயற்றி, தன் கருவூலத்திலிருந்த 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதன் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு ரூபாயாக வந்தது. அமெரிக்க வெள்ளியில் அச்சான அந்த ரூபாயை இன்று தரச்சான்றுக்காக அமெரிக்காவுக்கு அனுப்புவது குற்றம். ஆனால், முன்பே வெளிநாடு சென்றுவிட்ட அதே ரூபாய் அங்கே உறையிடப்பட்டு ஏலம் போகிறது.

உள்நாட்டு விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. தொல்பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்வோர் உரிமம் பெற வேண்டும். ஒரு பொருள் தொல்பொருளா அல்லவா என்ற ஐயம் எழுந்தால் முடிவு செய்பவர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். நிலத்துக்கடியில் கிடைத்த புதையல் எனில் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அரசு முத்திரை எதற்கு, எதற்கில்லை

தங்க நகைகளுக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. வெள்ளிக்கு, தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் 2025 செப்டம்பர் முதல் விருப்ப அடிப்படையில் வந்துள்ளது. இவை உலோகத்தின் தூய்மைக்கான சான்றுகள். சரியான அளவு வெள்ளியில் வார்க்கப்பட்ட போலி விக்டோரியா ரூபாயை இந்த முத்திரை காட்டிக் கொடுக்காது. பழைய அச்சுகளைக் கொண்டு அரசு நாணயச்சாலைகளே பிற்காலத்தில் அச்சிட்ட மறுபதிப்புகள் வேறு உள்ளன. இவற்றைப் பிரித்தறியச் சட்டத்தின் துணை பெற்ற தரநிர்ணயம் இங்கே இல்லை.

வெற்றிடம் இருக்கும் இடத்தில் மோசடி நுழைவது இயல்பு. பழைய நாணயம், நோட்டுகளை லட்சக்கணக்கில் வாங்குவதாகக் கூறி, தனது பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் வசூலிக்கப்படுவதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய வணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை என்றும், யாருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. ஆகவே முன்பணம் கேட்பவர் யாராயினும் விலகுவதே நல்லது.

காத்திருக்கும் திருத்தம்

சட்டத்தைச் சீர்செய்யும் முயற்சி நடக்காமல் இல்லை. உள்நாட்டு வணிகத்துக்கான உரிமக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஏற்றுமதித் தடையைத் தொடரும் வரைவு மசோதா ஒன்றை 2017-ல் கலாசார அமைச்சகம் வெளியிட்டது. அது சட்டமாகவில்லை. கலாசாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஜூலையில் தொல்பொருள் திருட்டு குறித்து விரிவான அறிக்கை அளித்தது. சிலைகளும் ஓவியங்களும் பேசப்படும் அளவுக்கு நாணயங்கள் அவைகளில் பேசப்படுவதில்லை.

தடையை அடியோடு நீக்குவதை ஆதரிக்க முடியாது. கதவு திறந்தால் தேய்ந்த ரூபாயுடன் அகழ்வில் கிடைத்த குஷாணர் காசும் குப்தர் பொன்னும் வெளியேறும். கடத்தப்பட்ட கலைப்பொருள்களை மீட்க 2024 ஜூலையில் புது தில்லியில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கண்ட நாடு, தன் வேலியைத் தானே பிரிக்க இயலாது.

ஆனால் வேலியைப் பிரிக்காமலே செய்யக்கூடியவை உண்டு. 1835-க்குப் பிந்தைய, இயந்திரத்தில் கோடிக்கணக்கில் அச்சான நாணயங்களைத் தனிப் பிரிவாக வகைப்படுத்தலாம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய இடங்களில் உள்ள அரசு நாணயச்சாலைகளையும் தொல்லியல் துறையின் நாணயவியல் அறிஞர்களையும் இணைத்து, உள்நாட்டிலேயே தரச்சான்று வழங்கலாம். நாணயம் எல்லை தாண்ட வேண்டிய அவசியமே அப்போது எழாது. சான்றளிக்கும் ஒவ்வொரு காசும் பதிவேட்டில் ஏறும். திருட்டுக் காசு சந்தைக்கு வருவதும் கடினமாகும்.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. பாட்டி விட்டுச் சென்ற ரூபாயை நேர்மையான விலைக்கு விற்க விரும்பும் குடிமகன் முன் இன்று இருப்பவை மூன்று வழிகள்: விற்பவர் வாய்ச்சொல்லை நம்புவது, சட்டத்தை மீறுவது, உலைக்களத்துக்கு அனுப்புவது. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் மூன்றாவது வழியே எளிதாகிறது. மரபைக் காக்க இயற்றிய சட்டம் மரபை உருக்கும் உலைக்கு வழிகாட்டலாமா என்பதை ஆட்சியாளரும் எதிர்க்கட்சியினரும் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.