பத்மநாபபுரத்தில் ஒரு பகல்

நாகர்கோவில் பக்கம் வருகிறவர்கள் கன்னியாகுமரியில் சூரியோதயமும் சுசீந்திரத்தில் இசைத் தூண்களும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவது வழக்கம். நீங்களும் அப்படித்தானே? நானும் அந்த ரகம்தான். மாமனார் ஊரே தக்கலை. அங்கிருந்து ஒரு கல் தூரத்திலிருக்கும் பழைய ராஜதானியை இருபது வருஷமாக நான் எட்டிப் பார்த்ததில்லை!

போன மாதம் தக்கலையில் ஒரு ஜோலி இருந்தது. என் சகதர்மிணியின் தாய்வீட்டை விற்றுப் பத்திரம் முடித்தோம். பதினோரு மணிக்குள் கையெழுத்தெல்லாம் ஆயிற்று. அதுவரை வாய் திறக்காதவள், "பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. கொட்டாரம் பார்த்துட்டுப் போவோமா?" என்றாள்.

திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த ஊர் இது. கல்குளம் என்பது பழைய பெயர். இங்கிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750-ல் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துவிட்டு, தாசனாக ஆண்டார். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-ந் தேதி இந்தத் தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தபோது ஒரு விநோதம் நேர்ந்தது. மண் நமக்கு வந்தது. அரண்மனையைப் பராமரிப்பதோ கேரள அரசின் தொல்பொருள் துறை!

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கருங்கண்ணாடி போன்ற தரையில் கால் வைத்தாலே குளிர்ச்சி. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்கிறார்கள். ஊட்டுப்புரையில் இரண்டு தளம். தளத்துக்கு ஆயிரம் பேர் உண்ணலாமாம். அங்கேயிருந்த சீனத்து ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்த பிறகுதான் என் மனைவி முகத்தில் சிரிப்பு வந்தது. "எங்க அம்மைக்கு இதில ஒண்ணு போதாது" என்றாள்.

தாய்க் கொட்டாரம்தான் இங்கே பழைமையான பகுதி. ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று அங்கே நிற்கிறது. அதைத் தொடப் போனாள்; காவலர் மலையாளத்தில் தடுத்தார். கையை எடுத்துக்கொண்டாளே தவிர, நகரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வரும்போது தேவாரக்கட்டு சரஸ்வதி சந்நிதி. கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதிகம். வருஷந்தோறும் நவராத்திரிக்கு அம்மன் இங்கிருந்து பவனியாகப் புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வர, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் சேருகிறாள். முன்னால் மன்னரின் உடைவாள் போகும். ராஜாக்கள் போனவர்கள் போனவர்கள்தான். அம்மன் மட்டும் பூஜை முடிந்ததும் தன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறாள்.

"சின்னப் பிள்ளையில அப்பா தோள்ல இருந்து பார்த்திருக்கேன்" என்றாள் அவள். "இந்த வருஷம் வருவோமா?"

வருவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள்; திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அரண்மனைக்கு விடுமுறை. தங்குவதற்கு இனி எங்களுக்கும் தக்கலையில் லாட்ஜ்தான் பார்க்க வேண்டும்.