சேர்ந்திருத்தலும் காரணமும்

திராட்சைச் சாறு மதுவாகும்போது போதையும் தனி வாடையும் ஒருங்கே தோன்றுகின்றன. அது காடியாக மாறும்போது இரண்டும் ஒருங்கே மறைகின்றன. ஹராம் என்னும் தீர்ப்பும் அவற்றோடு வந்து அவற்றோடு நீங்குகிறது. ஆயினும் தீர்ப்பின் காரணமாகிய 'இல்லத்' போதையே, வாடையன்று. இவ்வாறு ஒன்று மற்றொன்றோடு தோன்றி மறைவதை உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் 'தவரான்' என்பர். அது மட்டுமே காரணத்தை நிறுவுமா என்பதில் அவர்கள் கருத்து வேறுபட்டனர். தாவரங்களின் சேர்க்கையை அளப்போரும் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர்.

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை எடுத்துக்கொள்வோம். அலையாத்தியும் உமரியும் வளரும் இந்நிலத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. இங்கு எதனோடு எதை நடுவது என்று முடிவு செய்ய, எச்செடி எதனோடு சேர்ந்து வளர்கிறது என்றறிய வேண்டும். வறண்ட மேய்ச்சல் நிலங்களில் கையாளப்படும் முறை இங்கும் பயன்படும்.

எடுத்துக்காட்டாக, சீட்டுக் குலுக்குவதுபோல் 100 சதுரக் கட்டங்களைத் தேர்கிறோம் என்க. உமரி 40 கட்டங்களிலும் அலையாத்தி 50 கட்டங்களிலும் உள்ளன. தொடர்பில்லையெனில் இரண்டும் ஏறத்தாழ 20 கட்டங்களில் சேர்ந்திருக்கும், எண்ணியபோதோ 30. கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனை இவ்வேறுபாட்டுக்கு 16.67 என்ற மதிப்பைத் தருகிறது. தொடர்பில்லாதபோது இம்மதிப்பு 3.84ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறையே நேரும். எனவே இச்சேர்க்கையைத் தற்செயல் என ஒதுக்க இயலாது. இரண்டும் உள்ள கட்டங்களை, ஒன்றேனும் உள்ள 60 கட்டங்களால் வகுத்தால் ஜக்கார்டு குறியீடு 0.5 ஆகும்.

இனி, இவ்விரண்டுமே வளராத மேட்டு நிலத்தில் மேலும் 100 கட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு செடியும் கூடவில்லை. ஆனால் கை-வர்க்க மதிப்பு 66.67ஆக உயர்கிறது! ஜக்கார்டு குறியீடோ மாறவில்லை. ஆய்வின் எல்லையை வரைபவரே விடையின் ஒரு பகுதியையும் வரைந்துவிடுகிறார்.

எல்லை சரியாக அமைந்தாலும் சேர்க்கை காரணமாகிவிடாது. ஒரு செடி மற்றொன்றுக்கு உதவலாம். அல்லது உப்பும் ஓதமும் இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொணர்ந்திருக்கலாம். சாத்தியமான காரணங்களை வகுத்து, பொருந்தாதவற்றை நீக்கும் 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' முறையை நம் முன்னோர் அறிவர். அவ்வாறே உப்பும் நிலமட்டமும் ஒத்த கட்டங்களை மட்டும் ஒப்பிடவேண்டும். அப்போதும் சேர்க்கை நிலைத்தால், ஒன்றையொன்று தாங்குகின்றனவா என நட்டுச் சோதிப்பது தகும். மறைந்தாலோ, செடிகளின் சேர்க்கையை விடுத்து ஓதநீர் தடையின்றி வந்துபோக வழிசெய்வதே முதற்கடமை. வாடையை இல்லத் எனக் கொள்வோர் தீர்ப்பில் பிழைபடுவர். சேர்க்கையைக் காரணம் எனக் கொள்வோர் நட்ட கன்றுகளை இழப்பர்.