மேலே 2 டிபி, உள்ளே 64 ஜிபி

போன வாரம் என்னிடம் வந்தவர் சின்ன ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். 900 ரூபாய்க்கு '2 டிபி எஸ்எஸ்டி' மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, மூன்று கல்யாணப் படங்களை அதில் ஏற்றிவிட்டார். கடைசிக் கல்யாணம் திறக்கிறது. முதல் இரண்டும் திறக்கவில்லை. உறையைப் பிரித்தோம். உள்ளே பசை போட்டு ஒட்டிய மெமரி கார்டு. அதன் கொள்ளளவு 64 ஜிபி. அது நிறைந்ததும் புதுப் படங்கள் பழைய படங்களின் மேலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

"பில் இருக்கிறதா?" என்றேன். இல்லை. எல்லோரும் சொல்கிற பதில்தான்.

அசல் எஸ்எஸ்டி நல்ல பொருள்தான். சுழலும் தட்டு இல்லாததால் வேகம் அதிகம், அதிர்வையும் தாங்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க் போகும் முன் பல நேரம் 'டக் டக்' என்று சத்தம் கொடுத்து எச்சரிக்கும். எஸ்எஸ்டியில் கன்ட்ரோலர் சிப் பழுதானால் காலையில் ஓடியது மாலையில் ஓடாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் தவறி அழித்த ஃபைலும் பெரும்பாலும் திரும்பாது. 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அந்த இடத்தைக் காலி செய்துவிடும்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். அதில் மாடல், கொள்ளளவு, சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், விளம்பரப் பக்கத்தையும் படம்பிடித்து வையுங்கள். டிரைவ் காலியாக இருக்கும்போதே 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். அதுவரை ஒரு படத்தைக்கூட ஏற்றாதீர்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? கடைக்காரரோடு வாய்ச்சண்டை வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அங்கே சமரசம் பேசுவார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. பில், கடித நகல், சோதனை முடிவின் படம் ஆகியவற்றை இணையுங்கள். மனு போடக் கெடு 2 ஆண்டுகள். "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நுகர்வோர் இல்லை" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்க, தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

இவ்வளவும் வாங்கிய பொருளுக்கான வழி. வாரண்டியில் புது டிரைவ் வரும், படங்கள் வராது. ஆகவே சொல்கிறேன்: இன்னொரு பிரதி எடுத்து, இன்னொரு இடத்தில் வையுங்கள். அந்த இரண்டு மணமக்கள் வீட்டுக்கும் என்ன பதில் சொல்வதென்று ஸ்டுடியோக்காரர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.