கோழிக்கு எமனாகும் வைரஸ் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

பெங்களூரு: கோழி வளர்ப்போரை அச்சுறுத்தும் வெள்ளைக்கழிச்சல் நோயின் வைரஸைக் கொண்டு மனிதர்களின் புற்றுநோயை அழிக்க முடியுமா என்ற ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளாக நடைபெறுகிறது. இன்னும் அது மருந்தாகவில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் வைரஸுக்கு இடமிருப்பது பெங்களூருவின் பொம்மசந்திராவுக்குப் புதிதல்ல. அங்குள்ள நாராயணா ஹெல்த் சிட்டி வளாகத்தில் இயங்கும் இம்யூனீல் நிறுவனம், சில வகை நிணநீர்ப் புற்றுநோய்களுக்கான ‘கார்-டி’ செல் சிகிச்சையை 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. ஆனால் அதில் வைரஸ் வெறும் வாகனமே. பெருகும் திறன் நீக்கப்பட்ட வைரஸ், நோயாளியிடமிருந்து எடுத்த நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் புதிய மரபணுவைக் கொண்டு சேர்க்கிறது. கோழி வைரஸ் ஆராய்ச்சியிலோ, கொல்லும் வேலையை வைரஸே செய்ய வேண்டும்.

இவ்வைரஸ் 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இமயமலை அடிவார நகரான ராணிகெட்டிலும் நோய் காணப்பட்டதால், இந்தியாவில் அதற்கு ராணிகெட் நோய் என்றே பெயர்.

மனிதனின் நலமான செல்லுக்குள் இது நுழைந்தால், அச்செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கிறது, வைரஸ் அடங்கிவிடுகிறது. நோயுற்ற கோழிகளைக் கையாள்வோருக்குப் பெரும்பாலும் சில நாள் கண் சிவப்பு மட்டுமே ஏற்படுவது இதனால்தான். பல புற்றுநோய்ச் செல்கள் இந்த எச்சரிக்கை ஆற்றலை இழந்தவை. அவற்றுள் வைரஸ் பெருகி, செல்லைச் சிதைக்கிறது. சிதைவுகளைக் கண்டு உடலின் எதிர்ப்பாற்றலும் புற்றுநோயை அடையாளம் காணத் தொடங்குகிறது. இந்த இரண்டாவது விளைவையே ஆய்வாளர்கள் பெரிதும் எதிர்பார்க்கின்றனர்.

1965-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காசெல், காரெட் ஆகியோர் கருப்பைவாய்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு இதைச் செலுத்தியதைப் பதிவு செய்தனர். 2002-இல் வெளியான ஆய்வொன்றில், முற்றிய புற்றுநோய் கொண்ட 79 பேருக்கு ‘பிவி701’ என்ற வகை நரம்பு வழியே செலுத்தப்பட்டது. மிகச் சிலருக்கே கட்டி சுருங்கியது. உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஆய்வகச் சோதனைகள் நடந்துள்ளன.

தடைகள் இரண்டு. வைரஸ் கட்டியைச் சென்றடையும் முன்பே உடல் அதை ஒழித்துவிடக்கூடும். மேலும், புற்றுநோயை வலுவாகத் தாக்கும் வகைகள் சில கோழிகளுக்கும் ஆபத்தானவை. நோயாளியின் சிறுநீர் வழியே அவை வெளியேறினால் பண்ணைகளுக்குப் பரவும் அச்சம் உண்டு. எனவே கோழிகளுக்குத் தீங்கற்றதாக மரபணு மாற்றிய வகைகள் சோதிக்கப்படுகின்றன.

புற்றுநோயை அழிக்கும் வைரஸ் என்ற கருத்து வெறும் கற்பனையன்று. தோல் புற்றுநோய்க்கு, மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸை அமெரிக்கா 2015-இல் அனுமதித்தது. கோழி வைரஸுக்கு அங்கோ இந்தியாவிலோ அத்தகைய அனுமதி இல்லை. கோழிகளுக்கான லசோட்டா தடுப்பூசி மருந்து மனிதருக்கானதன்று. அதைப் புற்றுநோய்க்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இச்சிகிச்சை அளிப்பதாக எவரேனும் பணம் கேட்டால், அந்தச் சோதனை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் உள்ளதா என்பதை இணையத்தில் எவரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம்.